பாமா அத்தையின் பீரோவில் ஒரு கடற்கரை ஷால்

என் மாமியார் பாமாவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது தொளதொளவென்று இருக்கும் துணி. தலையணை உறையிலிருந்து கைக்குட்டை வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாமே கஞ்சி குடித்துத்தான் உயிர் வாழ்ந்தன. மனுஷர்கள் குடித்ததைவிடத் துணிகள் குடித்த கஞ்சி அதிகம் என்று தினேஷிடம் சொல்வேன். தினேஷ் என் கணவர். அம்மாவைப் பற்றி யார் கேலி செய்தாலும் சிரிக்கத் தெரிந்தவர், அம்மாவிடம் நேராக ஒன்றும் சொல்லத் தெரியாதவர்.

இந்தக் கஞ்சிப் பெருமைக்குக் காரணம் உண்டு. அத்தை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஹைதராபாத்தின் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கும் புருஷனுக்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை. எண்ணெயும் கரியுமாக வீடு திரும்பும் காக்கியை மறுநாள் காலை பலகை மாதிரி விறைப்பாக அனுப்புவதில்தான் அந்தக் காலனிப் பெண்களுக்குள் போட்டி. என் மாமனாரின் சட்டையைக் கழற்றி வைத்தால் அது தானாகவே நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்களாம். அத்தை அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மாமனார் காலமாகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அதே லாலாகுடாவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்ட பிறகும் அத்தை சோற்றை வடித்துத்தான் இறக்கினார். குக்கர் வாங்கலாம் என்று நான் வாயெடுத்தால் போதும்.

"நக்கோ! குக்கர் வச்சா கஞ்சிக்கு எங்க போறது?" என்பார். நக்கோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக ஹைதராபாத் வந்து இந்த வீட்டில் மாட்டிக்கொண்டவள். ஊருக்கெல்லாம் வாய் நீளம் என்று பெயர் வாங்கிய எனக்கே அந்தக் கஞ்சிப் பானையிடம் ஜெயிக்க முடியவில்லை.

அத்தையின் பீரோவில் மேல்தட்டில், வெள்ளைத் துண்டில் சுற்றி, ஒரு ஷால் இருந்தது. கைத்தறியில் நெய்த லினன். கடற்கரை மணலின் நிறம், இரண்டு முனையிலும் நீலக்கரை. அது அத்தையின் அம்மா தாயம்மாளுடையது. ரயில்வே கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவரின் மனைவி, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது தோழிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தப் பெண்மணி, அது தன்னுடைய அத்தை ஒருத்தி கையால் நெய்தது என்றும், கடலுக்குப் போகும்போதெல்லாம் போர்த்திக்கொண்டால் பேத்தி காலம்வரை உழைக்கும் என்றும் சொன்னாராம்.

தாயம்மாள் அந்தச் சொல்லை அப்படியே கேட்டார். மே மாதம் வந்தால் வீட்டுக்காரரின் ரயில்வே பாஸில் எல்லோரும் கடற்கரை ஊரான வால்டேருக்குக் கிளம்புவார்கள். பெரியவள் பாமா, சின்னவள் நீலா. வெயில் ஏறும்வரை மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தாயம்மாள் ஷாலை இரண்டு பெண்களின் தலைக்கு மேலேயும் விரித்துவிடுவார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் காற்று கொண்டுபோய்விடும். உப்புத் தண்ணீர் பட்டால் குழாயடியில் ஒரு அலசு, ஒரு உதறு, கொடியில் ஒரு வீச்சு. அதற்கு நடந்த கவனிப்பு அவ்வளவுதான். வருஷத்துக்கு வருஷம் அது இன்னும் இன்னும் மெத்தென்று ஆனது என்று நீலா சித்தி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தாயம்மாளின் காரியம் முடிந்த மறுநாளே அக்கா தங்கைக்குள் சண்டை. நகைக்காக அல்ல.

"நகை எல்லாம் நீயே வச்சுக்க அக்கா. அம்மா ஷாலை மட்டும் எனக்குக் குடு" என்று நீலா சித்தி கேட்டார்.

"படுக்கையில கிடந்தவளுக்கு பீ மூத்திரம் அள்ளினது யாரு? நானு. ஷால் என்கிட்டதான் இருக்கும்" என்றார் அத்தை.

"இருக்கட்டும். ஆனா நீ போத்திக்க மாட்ட. பீரோவுல வச்சுப் பூட்டுவ. எனக்குத் தெரியும்."

போகிற போக்கில் வைக்கோற்போர் நாய் என்றும் ஒரு வார்த்தையைச் சித்தி விட்டுவிட்டார். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அந்த வார்த்தை அத்தையின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. சித்தி வீடு ஹப்சிகுடாவில். ஆட்டோ பிடித்தால் போகிற வழியில் ஒரு பாட்டுக்கூட முடியாது. ஆனாலும் கல்யாண வீடுகளில் "வா", "சாப்ட்டியா" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லாமல் போனது.

சித்தி சொன்னது அப்படியே பலித்தது. அத்தை ஒரு நாளும் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. ஆனால் பூட்டிவிட்டு மறந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மே மாதமும் ஒரு நாள் அதை வெளியே எடுப்பார். பூப்போலத் துவைப்பார். நீர்க்கக் கரைத்த கஞ்சியில் முக்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீர் தெளித்து, மாமனார் காலத்துக் கனமான இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அழுத்தித் தேய்ப்பார். பழைய மடிப்பின்மேலேயே மடித்து, அந்த மடிப்பின்மேல் இன்னொரு முறை பெட்டியை ஓட்டி, துண்டில் சுற்றி உள்ளே வைப்பார். ஒரு கோடு மாறாது. அந்த ஒரு நாள் மட்டும் வால்டேரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்.

"ஒரு தடவை போத்திக்கத்தான் போத்திக்கோங்களேன்" என்பேன்.

"போத்தினா நைஞ்சு போயிடும்டி. அம்மா பொருள்" என்பார்.

இந்த ஏப்ரலில் சித்தியிடமிருந்து போன் வந்தது. அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்பதும், மருந்து ஏற்றுவதை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தினேஷும் நானும் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தோம். அத்தை வரவில்லை. வாசல்வரை செருப்பை மாட்டிக்கொண்டு வந்து திரும்பிப் போனார். இப்போது சித்தியே கூப்பிட்டிருந்தார். அத்தைக்குக் காது மந்தம், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மே மாசம் கடலுக்குப் போலாமா? அவரு வண்டி வைக்கிறேன்றாரு. அம்மா ஷாலை எடுத்துட்டு வா. அதைப் போத்திக்கிட்டு ஒரே ஒரு தடவை தண்ணியோரம் உக்காரணும் எனக்கு."

"வர்றேன்டி. கொண்டாரேன்" என்றார் அத்தை. போனை வைத்ததும் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "கேட்டுட்டாடி மைதிலி! அவளே வாயத் தொறந்து கேட்டுட்டா!"

சித்தி கேட்டது துணியை மட்டும் அல்ல என்று எனக்குக்கூடப் புரிந்தது. அந்த ஷாலை அவர் கையில் கொடுத்துவிட்டால் பழைய சண்டை எல்லாம் தீர்ந்தது. கொடுக்க முடியாமல் அவர் போய்விட்டால் அது என்றைக்கும் தீராது.

அத்தை உடனே பீரோவைத் திறந்தார். துண்டைப் பிரித்தார். ஷாலின் இரண்டு முனைகளையும் பிடித்து, தாயம்மாள் செய்தது போலவே ஒரு உதறு உதறினார். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. நடு மடிப்பில் ஷால் இரண்டாகப் போய், ஒரு பாதி அவர் கையிலும் ஒரு பாதி தரையிலும் கிடந்தது.

எலி கடித்தோ ஆணி மாட்டியோ கிழிந்த கிழிசல் இல்லை. காய்ந்த அப்பளத்தை மடித்தால் உடைவது போல உடைந்திருந்தது. கால் மடிப்புகளிலும் இழைகள் விண்டு, வெளிச்சம் தெரிந்தது. கஞ்சி ருசிக்கு வந்த பூச்சிகள் அங்கங்கே அரித்திருந்தன.

"பூச்சியா அத்தை?" என்று கேட்டேன்.

அவர் ஒரு பாதியை ஜன்னலோரம் கொண்டுபோய், விரலால் அந்த உடைந்த கோட்டைத் தடவிக்கொண்டே போனார். இஸ்திரிப் பெட்டி வருஷா வருஷம் ஓடிய அதே தடம். அவர் கைக்கு அது தெரியாதா? அப்படியே தரையில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பூச்சி இல்லடி. நான். நான்தான் தேச்சுத் தேச்சு ஒடிச்சுட்டேன். எங்க அம்மா உப்புத் தண்ணில போட்டுப் பொரட்டினா, நல்லா இருந்துச்சு. நான் கண்ணுல வச்சுக் காப்பாத்தினேன், செத்துப்போச்சு."

மறுநாள் பழைய நகரத்துக்குப் போனோம். பத்தர்கட்டிப் பக்கம் ஒரு சந்தில், கிழிந்த இடம் தெரியாமல் இழை கோத்துத் தைக்கும் ரஃபூக்காரர்கள் இருக்கிறார்கள். முதல் கடைக்காரர் ஊசியைச் செருகிப் பார்த்தார். ஊசி போன இடமெல்லாம் இழை பொடிந்தது. "நை ஹோதா, அம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த கடையிலும் ஆகாது என்றே சொன்னார்கள். அத்தை விடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? இன்னொரு சந்து, இன்னொரு கடை. கடைசியாக ஒரு தையல்காரர், அடியில் பசைத்துணி கொடுத்துச் சூடாக இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார். இஸ்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை ஷாலை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வெயிலில் அவர் பின்னால் ஓடினேன்.

இதற்கிடையில் சித்தியின் கணவர் மோகன் சித்தப்பா தினமும் போன் செய்தார். இன்றைக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இன்றைக்கு எழுந்து உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே கேள்வி. "நீலா ஷாலைக் கேக்கறா. அண்ணி எப்ப வர்றாங்க?"

"லாண்டரியில குடுத்திருக்கேன், வந்ததும் கொண்டாரேன்" என்று அத்தை பொய் சொன்னார். கஞ்சிக்காக லாண்டரிக்காரனையே வீட்டுக்குள் விடாத பெண்மணி அவர். அந்தப் பொய்யை நீலா சித்தி எப்படி நம்புவார் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு சாயங்காலம் தார்னாகாவில் ஒரு கடையில் அத்தை வேறொரு லினன் ஷாலைக் கண்டுபிடித்துவிட்டார். கைத்தறிதான். அதே மணல் நிறம், கிட்டத்தட்ட அதே நீலக்கரை. அழகான பெட்டி, உள்ளே ஆங்கிலத்தில் ஒரு அட்டை. கடலோரக் கோடைகளுக்கானது, தலைமுறை தாண்டியும் நிலைக்கும் என்று எழுதியிருந்ததை அத்தைக்குப் படித்துச் சொன்னேன்.

"என்னை மாதிரி ஒருத்தி வீட்டுல இருந்தா ஒரு தலைமுறைகூடத் தாண்டாது" என்றார்.

இதைத்தான் தாயம்மாளின் ஷால் என்று கொடுக்கப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் புதுத் துணியாகக் கொடுக்க முடியாது. சித்தி கண்டுபிடித்துவிடுவார் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய பயம். பெண் ஒருத்தி இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுத் துணி வர வேண்டும், அதைத்தான் உடம்பின்மேல் போர்த்துவார்கள். அதற்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று பெயர். அண்ணன் தம்பி இல்லாத அந்த வீட்டில் நீலாவுக்குக் கோடி எடுக்க வேண்டியவர் அத்தை ஒருவர்தான். அவரே போய், படுக்கையில் கிடப்பவருக்குப் புதுத் துணியை நீட்டினால் அதற்கு என்ன அர்த்தம்?

அதனால் அந்த ஷாலின் புதுசைச் சாகடிக்க ஆரம்பித்தார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். துவைக்கும் கல்லில் அடித்தார். மொட்டைமாடி வெயிலில் போட்டார், எடுத்தார், மறுபடி ஊறவைத்தார். மூலையில் மஞ்சள் தடவி அதையும் துவைத்தார். உள்ளங்கை தோல் உரிந்து உப்புப் பட்டு எரிந்தது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"உண்மையைச் சொல்லிடுங்க அத்தை. சித்தி புரிஞ்சுப்பாங்க."

"சாகப்போறவகிட்டப் போயி, உனக்குக் குடுக்காம பிடுங்கி வச்சேனே, அந்த ஷாலை நானே கொன்னுட்டேன்னு சொல்லச் சொல்றியா? உனக்கென்னாடி, வாய் இருக்கு, பேசிடுவ!"

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அடுத்த வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து வைத்தேன்.

ஹப்சிகுடாவுக்குப் போனபோது சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த உடம்பில் மிச்சம் இருந்தது கண்கள் மட்டும்தான். அத்தையைப் பார்த்ததும் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையில் ஷாலை வைத்தார். சித்தி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். முகர்ந்தார். கரையை விரலிடுக்கில் வைத்து உருட்டினார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாக்கா, பொறந்த வீட்டுக் கோடியை இப்பவே கொண்டாந்துட்டியா?"

அத்தை கட்டிலோரம் சரிந்து விழுந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கஞ்சி, இஸ்திரி, மடிப்பு, உதறியதும் கேட்ட சத்தம். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்கச் சித்தியின் சிரிப்பு போய்விட்டது.

"இத்தனை வருஷம் எனக்குக் குடுக்கல. உனக்கும் இல்லாம ஒடிச்சுப் போட்டியா? போ அக்கா. எழுந்து போ."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை போகவில்லை. மூத்தவள், தங்கையின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டார். மோகன் சித்தப்பா பதறிப்போய்த் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்துச் சுவர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்கிறதைக் கொண்டா."

"துண்டு துண்டா இருக்குடி."

"இருக்கட்டும். கொண்டா."

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாலாகுடாவுக்குப் பறந்தேன். திரும்பி வருவதற்குள் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சிக்னலிலும் வேண்டிக்கொண்டேன். ஆகவில்லை. மூட்டையைப் பிரித்து ஒரு பாதியைச் சித்தியின் கையில் வைத்தேன். அது அட்டை மாதிரி விறைத்து நின்றது.

"ஐயோ அக்கா! அம்மா ஷாலுக்குக் கஞ்சியா? தண்ணில போடு."

சித்தப்பா ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர், அதுவும் கலங்கியது. எத்தனை வருஷக் கஞ்சி! கடைசியில் தண்ணீர் தெளிந்தபோது துண்டுகள் அத்தையின் கையில் குழைந்து கிடந்தன. நானும் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு மெத்துத் துணியை அதற்கு முன் நான் தொட்டதில்லை. அத்தை அதைப் பிழியாமல் வடியவிட்டு, ஈரத்தோடு சித்தியின் கழுத்திலும் நெஞ்சிலும் விரித்தார்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டார். "ஹவ், ஆமா. இதுதான்" என்றார். பிறகு, "நீ அந்த முனையைப் பிடி அக்கா" என்றார்.

ஒரு நீலக்கரையை அவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு நீலக்கரை வேறு துண்டில் இருந்தது. அதை அத்தை பிடித்துக்கொண்டார். நடுவில் இரண்டும் சேரவில்லை. அப்படியே சாயங்காலம்வரை இருந்தார்கள்.

கிளம்பும்போது சித்தி புதுசைச் சுட்டிக் காட்டினார். "அதை எனக்குப் போத்தாதீங்க. அது உனக்கு. நீ போத்திக்கிட்டே இருக்கணும். பீரோவுல வச்சேன்னு தெரிஞ்சா வந்து உலுக்கிடுவேன்."

மே மாதம் பிறக்கும்வரை அவர் இருக்கவில்லை. கடலுக்குப் போக வைத்திருந்த வண்டிக்காரர் துக்கம் கேட்க வந்தார். அத்தை பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புதுப் புடவை எடுத்துப் போர்த்தினார். அதற்கு அடியில் தாயம்மாளின் ஷால் துண்டுகளை நனைத்து வைத்தார். ஒரு துண்டை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மோகன் சித்தப்பா கேட்டார்.

"நக்கோங்க. வச்சா நான் பூட்டிடுவேன்" என்றார் அத்தை.

இப்போது எங்கள் வீட்டில் குக்கர் இருக்கிறது. அத்தையே வாங்கி வரச் சொன்னார். வருஷக்கணக்காக நான் கேட்டது, வந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கஞ்சி இல்லாத வீட்டில் எல்லாத் துணியும் தொளதொளவென்று கிடக்கிறது. அத்தை கவனிப்பதில்லை.

தினேஷ் வால்டேருக்கு டிக்கெட் எடுக்கிறேன் என்றார். "அந்த முனையை யாருடா பிடிப்பா?" என்று கேட்டுவிட்டு அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் அனலாகக் கொட்டும் மத்தியானம். கரண்ட் இல்லை. அந்தப் புது ஷாலை இறுக்கிப் போர்த்திக்கொண்டு அத்தை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடும்போதும் அது, தூங்கும்போதும் அது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. குளிக்கப் போனால் குளியலறைக் கதவுமேல் போட்டுவிட்டு, ஈரத்தோடு வந்து மறுபடி எடுத்துக்கொள்கிறார். இன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, இந்த வெயில்ல எதுக்கு? கொஞ்ச நேரம் அவுத்துக் குடுங்க. அலசிக் காயப்போட்டுத் தரேன்."

அவர் இரண்டு முனைகளையும் தானே பிடித்துக்கொண்டார்.

"நக்கோடி. அவுத்தா மடிக்கணும்."